அயர்லாந்து அமெரிக்காவாக மாறிக்கொண்டிருக்கிறதா?

கேள்வி கேட்டவர் வேலை விஷயமாக மூன்று மாதம் டப்ளினில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். எங்கு திரும்பினாலும் அமெரிக்க கம்பெனி, அமெரிக்க பர்கர் கடை, அக்டோபர் வந்தால் வாசலெல்லாம் பூசணிக்காய், பள்ளிப் பிள்ளைகள் வாயில் யூடியூப் உச்சரிப்பு. இதையெல்லாம் பார்த்துவிட்டு, “நூற்றுக்கணக்கான வருடம் இங்கிலாந்தோடு மல்லுக்கட்டி மீட்ட அடையாளத்தை அமெரிக்காவுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார்களா?” என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: அமெரிக்கா வந்து ஏறுவதற்கு முன்னால், அதன் கை படாத அயர்லாந்து என்று ஒன்று தனியாக இருந்ததா? இதற்குப் பதில் சொல்லாமல் அதற்குச் சொல்ல முடியாது.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரலாறு படித்தவன், கால்வேயில் முதுகலை முடித்த கையோடு, மேற்கு அயர்லாந்தில் பழைய கிராம வாழ்க்கையைக் காட்டும் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாகச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. கோடையில் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அமெரிக்கர்கள். கொள்ளுப்பாட்டியின் பெயரும் ஏதோ ஒரு ஊர்ப்பெயரும் (அநேகமாகத் தப்பான எழுத்துக்கூட்டலில்) எழுதிய தாளை நீட்டி, இது எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். அவர்கள் போனதும் என்னோடு வேலை செய்கிற உள்ளூர்க்காரர்கள் “யாங்க்” (அமெரிக்கன்) என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் கேலி பாதி, உறவு பாதி. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த பெரியம்மா பையன் அலட்டுவதைப் பார்த்துச் சிரிப்போமே, அந்த மாதிரி. சிரிக்கிறவருக்கே பாஸ்டனில் ஓர் அத்தை இருப்பார். மற்றபடி பொருளாதாரம் என் துறை இல்லை, ஐரிஷ் மொழி எனக்குக் கடைக்குப் போய் வருகிற அளவுக்குத்தான் தெரியும்; அந்த இரண்டைப் பற்றி நான் சொல்வதை அந்த மதிப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1841 கணக்கெடுப்பில் அயர்லாந்துத் தீவு முழுவதும் சேர்த்து 80 லட்சத்துக்கு மேல் மக்கள். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த ஏழு வருடத்தில் சுமார் 10 லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள், இன்னொரு 10 லட்சத்துக்கு மேல் கப்பலேறினார்கள். பஞ்சம் தீர்ந்தும் கப்பல் நிற்கவில்லை. 1911இல் தீவில் மிஞ்சியவர்கள் சுமார் 44 லட்சம். இன்றைக்கு பிரிட்டனோடு இருக்கும் வடக்கையும் தனி நாடான தெற்கையும் கூட்டினாலும் 70 லட்சம் சொச்சம்தான், 1841ஐ இன்னும் எட்டவில்லை. அமெரிக்காவிலோ எங்கள் பூர்வீகம் அயர்லாந்து என்று சொல்லிக்கொள்கிறவர்கள் 3 கோடிக்கு மேல். ஊரைவிட வெளியூர் நாலு மடங்கு பெரிது என்றால் ஊர் எது, வெளியூர் எது?

மேற்குக் கிராமங்களில் கப்பலேறப் போகிறவருக்காக முந்தின இரவு நடக்கும் கூட்டத்துக்கு ‘அமெரிக்கன் வேக்’ என்று பெயர். வேக் என்றால் சாவு வீட்டில் பிணத்தைச் சுற்றி இரவெல்லாம் விழித்திருப்பது. இங்கே பிணம் கிடையாது, பதினெட்டு இருபது வயதில் உயிரோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். ஃபிடில் வாசிப்பார்கள், ஆடுவார்கள், குடிப்பார்கள், விடிந்ததும் ஒப்பாரி. திரும்பி வரமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம் அவளிடமிருந்து வருவது கடிதம், கடிதத்துக்குள் டாலர். அந்த டாலரில் நிலத்துக்கு வாடகை கட்டினார்கள், மிச்சத்தில் தங்கைக்கு டிக்கெட் எடுத்தார்கள். மேற்கு மாவட்டமான மேயோவின் கடற்கரைக் கிராமம் ஒன்றில் டப்ளினுக்கு ஒரு தடவைகூடப் போகாதவருக்கு பாஸ்டனில் எந்தத் தெருவில் யார் வீடு என்று தெரிந்திருக்கும். இது 19ஆம் நூற்றாண்டுக் கதை. ஹாலிவுட்டும் இல்லை, மெக்டொனால்ட்ஸும் இல்லை.

அரசியலும் அப்படித்தான். இங்கிலாந்தை ஆயுதத்தால் விரட்டப் புறப்பட்ட ஃபீனியன் இயக்கம் 1858இல் டப்ளினிலும் நியூயார்க்கிலும் சேர்ந்தே முளைத்தது. இங்கிலாந்து ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின்போது டப்ளின் தபால் நிலைய வாசலில் படிக்கப்பட்ட பிரகடனத்திலேயே அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளின் துணையோடு என்று ஒரு வரி வருகிறது. பின்னாளில் அயர்லாந்தின் பிரதமராகவும் குடியரசுத் தலைவராகவும் இருந்த டி வலேரா பிறந்தது நியூயார்க்கில், 1882இல். விடுதலைப் போர் நடக்கும்போதே 1919–20இல் அமெரிக்கா போய், இன்னும் உலகம் அங்கீகரிக்காத குடியரசின் பேரில் கடன் பத்திரம் விற்று 50 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்.

சரி, அரசியலுக்குப் பணம் வந்தது, பண்பாடு வேறு அல்லவா என்று கேட்பீர்கள். பண்பாட்டில்தான் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். ஐரிஷ் மரபிசை என்றால் உங்களுக்கு என்ன நினைவு வரும்? கிராமத்து மதுக்கடை மூலையில் நாலு பேர் உட்கார்ந்து வாசிக்கும் ஃபிடிலும் புல்லாங்குழலும். அவர்கள் வாசிக்கும் மெட்டுகளை எழுத்தில் சேர்த்துவைத்த மிகப் பெரிய தொகுப்பு 1903இல் வந்தது, 1,850 மெட்டுகள். தொகுத்தவர் பிரான்சிஸ் ஓ’நீல், கார்க் மாவட்டத்தில் பிறந்து கப்பலேறியவர், அப்போது சிகாகோ நகரப் போலீஸ் தலைமை அதிகாரி! அயர்லாந்தின் எல்லா மாவட்டத்துக்காரர்களும் ஒரே நகரத்தில் குவிந்திருந்ததால்தான் அது நடந்தது. கெர்ரிக்காரரும் டோனிகல்காரரும் ஊரிலேயே இருந்திருந்தால் ஒருவர் மெட்டை ஒருவர் கேட்டிருக்கவே மாட்டார்கள். அடுத்தது மைக்கேல் கோல்மன். ஸ்லைகோ மாவட்டத்து ஃபிடில்காரர், 1914இல் அமெரிக்கா போனவர். 1920களில் நியூயார்க்கில் அவர் பதிவு செய்த இசைத்தட்டுகள் கடல் தாண்டி ஊருக்கு வந்தன. பிள்ளைகள் கிராமஃபோன் முன்னால் உட்கார்ந்து, ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, அவர் வில் போடும் விதத்தை அப்படியே கற்றுக்கொண்டார்கள். விளைவு, பல மாவட்டங்களில் அந்தந்த ஊர்ப்பாணி மங்கி, நியூயார்க் வழியாக வந்த ஸ்லைகோ பாணி அயர்லாந்து முழுக்கப் பரவியது. இது லாபமா நஷ்டமா? ஊர்ப்பாணியை மதிக்கிற வாத்தியக்காரர்கள் இன்றும் இதைச் சொல்லி வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த வருத்தம் நியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் அந்தத் தட்டுகள் வந்திராவிட்டால் வருத்தப்படவாவது இசை மிஞ்சியிருக்குமா என்பது வேறு விஷயம். அந்தச் சபைகளில் இன்றைக்குச் சர்வசாதாரணமாக உட்கார்ந்திருக்கும் பாஞ்சோவும் ஆப்பிரிக்க அடிமைகளின் வாத்தியமாக இருந்து அமெரிக்கா வழியாக வந்து சேர்ந்ததுதான். 1994இல் டப்ளினில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ‘ரிவர்டான்ஸ்’ என்று ஏழு நிமிடம் ஆடி ஐரிஷ் நடனத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்களே, முன்னணியில் ஆடிய மைக்கேல் ஃபிளாட்லியும் ஜீன் பட்லரும் இருவருமே அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள்.

மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் தினம். தெருவெல்லாம் பச்சை, ஊர்வலம், குடி. இதில் ஊர்வலம் என்கிற அம்சம் அமெரிக்காவில் வேர்விட்டது. நியூயார்க்கில் 1762இலிருந்து நடக்கிறது. அயர்லாந்தில் அது வெகுகாலம் சர்ச்சுக்குப் போய் வந்து வீட்டில் சாப்பிடுகிற நாள். 1927 சட்டப்படி அன்றைக்கு மதுக்கடைகளே மூடியிருக்கும், 1960களின் தொடக்கம் வரை அப்படித்தான். அந்தக் காலத்தில் டப்ளினில் அன்றைக்குச் சட்டப்படி குடிக்கக் கிடைத்த இடம் நாய்க் கண்காட்சி. நாய்மேல் திடீர்ப் பாசம் கொண்ட டப்ளின்வாசிகளைப் பற்றி வயதானவர்கள் இன்னும் ஜோக் அடிப்பார்கள். இன்று நீங்கள் பார்க்கும் பல நாள் விழா 1996இல்தான் தொடங்கியது.

நீங்கள் குறிப்பிட்ட பூசணிக்காய்க்கு வருகிறேன். அக்டோபர் 31 இரவில் முகமூடி போட்டு வீடு வீடாகப் போவது, காய்கறியைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே நெருப்பு வைப்பது, இதெல்லாம் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருந்த வழக்கம். ஆனால் அவர்கள் குடைந்தது டர்னிப் கிழங்கை. அமெரிக்கா போனவர்களுக்கு அங்கே பூசணி மலிவாகக் கிடைத்தது, பெரிது, குடைவதும் சுலபம். பூசணியாகி, மிட்டாயாகி, பிளாஸ்டிக் எலும்புக்கூடாகி ஊருக்குத் திரும்பிவிட்டது. இதில் நிச்சயம் எது, சந்தேகம் எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். 18, 19ஆம் நூற்றாண்டு வழக்கங்கள் நன்றாகப் பதிவாகியிருக்கின்றன, அது நிச்சயம். கிறிஸ்தவத்துக்கு முந்தைய ‘சவின்’ பண்டிகைதான் அறுபடாமல் இன்றைய ஹாலோவீனாக வந்திருக்கிறது என்று சுற்றுலாத் துறை சொல்வது வேறு. அப்படி ஒரு பருவநாள் இருந்தது இடைக்கால ஐரிஷ் நூல்களில் தெரிகிறது. அன்றைக்கு என்னென்ன செய்தார்கள் என்பதில் வரலாற்றாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ‘இரண்டாயிரம் வருடப் பழமை’ என்ற பலகையைப் பார்த்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இப்படிச் சொல்வதால் அமெரிக்காவைக் கண்டு யாரும் பயப்படவில்லை என்று ஆகிவிடாது. நன்றாகவே பயந்தார்கள். விடுதலை கிடைத்த கையோடு 1923இல் போட்ட சட்டங்களில் ஒன்று சினிமாத் தணிக்கை. முதல் தணிக்கை அதிகாரி ஜேம்ஸ் மான்ட்கோமரி, ஆங்கிலமயமாவதைவிட லாஸ் ஏஞ்சலஸ்மயமாவதுதான் பெரிய ஆபத்து என்று சொல்லி வந்தவர். 1934 புத்தாண்டு அன்று லீட்ரிம் மாவட்டத்தில் மோஹில் என்கிற சிற்றூரில் அமெரிக்க இசையான ஜாஸ் ஒழிக என்று பாதிரியார் ஒருவர் தலைமையில் பெரிய ஊர்வலமே நடந்தது. அடுத்த வருடம், உரிமம் இல்லாமல் பொது நடனம் நடத்தக் கூடாது என்று சட்டம் வந்தது. ஜாஸை விரட்ட வந்த அந்தச் சட்டத்தைக் காட்டி, வீட்டுக்கூடத்தில் பழைய ஐரிஷ் நடனம் ஆடியவர்களையும் விரட்டினார்கள். அதே லீட்ரிமில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான ஜிம்மி கிரால்டன் ஊர் திரும்பிவந்து ஒரு மன்றம் கட்டி, நடனமும் இடதுசாரிப் பேச்சும் நடத்தியதற்காக 1933இல் தன் சொந்த நாட்டிலிருந்தே நாடு கடத்தப்பட்டார்.

ஆனாலும் வேலி எந்தப் பக்கம் கட்டப்பட்டது என்று பாருங்கள். ஹர்லிங், கேலிக் கால்பந்து போன்ற உள்ளூர் விளையாட்டுகளை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் தன் உறுப்பினர்கள் ‘அந்நிய’ விளையாட்டு ஆடக் கூடாது, பார்க்கவும் கூடாது என்று 1971 வரை தடை வைத்திருந்தது. 1938இல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைடு ஒரு கால்பந்துப் போட்டிக்குப் போனார் என்பதற்காக அவரையே புரவலர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், ஐரிஷ் மொழிக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த மனிதரை! தடைப் பட்டியலில் இருந்தவை கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி. எல்லாமே இங்கிலாந்துச் சரக்கு. கூடைப்பந்து அமெரிக்க விளையாட்டு, அது பட்டியலில் இல்லை. 1947இல் அதே சங்கம் தன் கேலிக் கால்பந்து இறுதிப் போட்டியையே நியூயார்க்கில் கொண்டுபோய் நடத்தியது. ஐரிஷ் அடையாளம் என்பது ‘நாங்கள் இங்கிலாந்து இல்லை’ என்பதன் மேல் கட்டப்பட்டது. அமெரிக்கா மாமா வீடு. மேற்குப் பக்கம் வேலி போட யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. உங்கள் கேள்விக்கு என்னால் தரமுடிந்த நேரான பதில் இதுதான்.

இழப்பே இல்லையா என்றால், இருக்கிறது. மொழி. பஞ்சத்துக்கு முன்னால் மேற்கில் ஊர் ஊராக ஐரிஷ் பேசினார்கள். பிள்ளைகள் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டிவிட்டு, வீட்டிலோ வெளியிலோ ஐரிஷ் பேசிய ஒவ்வொரு தடவைக்கும் அதில் ஒரு வெட்டு. பள்ளிக்கூடத்தில் வெட்டுகளை எண்ணி அடி. கொடுமை என்னவென்றால் பல இடங்களில் அந்த வெட்டைப் போட்டது பெற்றவர்களே. நாளை பாஸ்டனில் பிழைக்கப் போகிற பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும், ஐரிஷ் எதற்கு என்ற கணக்கு. அமெரிக்கா மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன்; 1831இல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிகள், நீதிமன்றம், சந்தை, சர்ச் என்று எல்லாம் சேர்ந்ததுதான், எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் அங்கே போகவேண்டும் என்ற நினைப்பு அந்தக் குச்சியில் இருந்தது நிச்சயம். 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேச வரும் என்றவர்கள் 18 லட்சத்துக்கு மேல். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 71,968 பேர். முதல் எண் ஆசை, இரண்டாவது எண் நிலவரம்.

இதிலும் ஒரு வேடிக்கை. ஐரிஷ் மொழிக்கான டிஜி4 தொலைக்காட்சி, நேரத்தை நிரப்ப வாராவாரம் பழைய கௌபாய் படங்களைப் போடும், ஸ்பாஞ்ச்பாப்பை ஐரிஷில் பேசவைக்கும். பெல்ஃபாஸ்டில் ‘நீகேப்’ என்று மூன்று பையன்கள் ஐரிஷ் மொழியில் ராப் பாடுகிறார்கள். பள்ளியில் கட்டாயப் பாடமாக இருந்தபோது அந்த மொழியை வெறுத்த இளைஞர்கள் அவர்கள் கச்சேரியில் வார்த்தைக்கு வார்த்தை கூடப் பாடுவதைப் பார்த்திருக்கிறேன். வடிவம் நியூயார்க் கறுப்பின இளைஞர்களுடையது, கோபம் பெல்ஃபாஸ்டினுடையது. அது தினமும் பேசுகிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுமா என்பது வேறு. ஒரு கச்சேரி வீட்டுமொழியை மாற்றிவிடும் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

கம்பெனிகள் விஷயம் சுருக்கமாக. 2000இல் அப்போதைய துணைப் பிரதமர் மேரி ஹார்னி, பூகோளத்தில் நாங்கள் பெர்லினுக்குப் பக்கம், மனதளவில் பாஸ்டனுக்குப் பக்கம் என்ற பொருளில் பேசினார். ‘பாஸ்டனா பெர்லினா’ என்பது அன்றிலிருந்து இங்கே பழமொழி மாதிரி ஆகிவிட்டது. 12.5 சதவீதக் கம்பெனி வரி (பெரிய கம்பெனிகளுக்கு 2024இலிருந்து 15) அமெரிக்க நிறுவனங்களை இழுத்தது. அரசுக்கு வரும் கம்பெனி வரியில் பாதிக்கு மேல் பத்தே நிறுவனங்களிடமிருந்து வருகிறது. ஆப்பிளிடமிருந்து 1,300 கோடி யூரோ வரி வசூல் செய் என்று ஐரோப்பிய ஆணையம் சொன்னபோது, எங்களுக்கு அந்தப் பணம் வேண்டாம் என்று நீதிமன்றம் ஏறிய நாடு இது. 2024இல் தோற்று, வாங்கிக்கொண்டது. அடையாளம் பற்றிக் கவலைப்படுகிறவர் பூசணிக்காயை விட்டுவிட்டு இதைப் பற்றிக் கவலைப்படலாம் என்பது என் அபிப்பிராயம். துறை ஆள் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளின் உச்சரிப்பு பற்றி. கேட்கிறது, என் பக்கத்து வீட்டுக் குழந்தையும் ஐந்து வயதில் கலிஃபோர்னியாக்காரி மாதிரிதான் பேசினாள். இப்போது பத்து வயது, ஹர்லிங் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அசல் கால்வே உச்சரிப்பில் என்னைத் திட்டுகிறாள். ஒரே ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு நான் எதையும் நிறுவ முடியாது.

மறுபடி டப்ளின் வந்தால் லிமெரிக் போகிற நெடுஞ்சாலையில் மனிகால் அருகே வண்டியை நிறுத்துங்கள். அங்கே ‘பராக் ஒபாமா பிளாசா’ என்று ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. நிஜமாகத்தான். ஒபாமாவின் கொள்ளுத்தாத்தாவுக்கும் தாத்தா மனிகாலிலிருந்து 1850இல் கப்பலேறியவர். 2011இல் ஒபாமா வந்து ஊர் மதுக்கடையில் ஒரு கின்னஸ் பீர் குடித்துவிட்டுப் போனார், 2014இல் பிளாசா திறந்தது. உள்ளே சூப்பர்மேக்ஸ் பர்கர் கிடைக்கும். கால்வே மாவட்டத்தில் 1978இல் தொடங்கிய கடை, பார்த்தால் அமெரிக்கக் கடையின் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ‘பிக் மேக்’ என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று மெக்டொனால்ட்ஸோடு ஐரோப்பிய அளவில் வழக்காடிப் பாதி ஜெயித்த கடை. சாப்பிட்டு முடித்து நேரம் இருந்தால் மேயோ மாவட்டத்துக் காசில்பார் வரை போய், தேசிய அருங்காட்சியகத்தின் கிராம வாழ்க்கைக் கிளையைப் பாருங்கள், நுழைவு இலவசம். டோனிகலிலிருந்து வந்த ஒரு டர்னிப் விளக்கின் பிளாஸ்டர் அச்சு அங்கே இருக்கிறது. கைப்பிடிக்குள் அடங்கும் அளவு, சுருங்கிப்போன முகம், பிளந்த வாய், கோணல் பல். பூசணிக்காய்ச் சிரிப்பு அதில் கிடையாது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் முதலில் நீங்கள் பார்த்துவிட்டு அப்புறம் காட்டுங்கள்.